தன்னையே கேலி செய்யும் கணினிச் சீட்டு: செய்முறையும் சொதப்பல்களும்

கணினியைத் திறந்ததும் திரையில் ஒரு வரி வருகிறது: "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன." எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து. மறுநாள் இன்னொன்று: "இந்தச் சீட்டில் இருப்பது நான்கே சொற்கள்." எண்ணினால் இதிலும் ஐந்து. முதலாவது புன்னகைக்க வைக்கும், இரண்டாவது சிரிக்க வைக்கும். இரண்டும் ஒரே குடும்பம்: வாசகரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டிய சீட்டு, தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

"விரைவில் நல்ல செய்தி வரும்" என்று ஒரு சீட்டு சொன்னால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. "எனக்குள் ஐந்து சொற்கள்" என்று சொன்னால் சரிபார்க்கச் சாட்சி வெளியே தேட வேண்டியதில்லை, சீட்டே போதும். அதனால்தான் தன்னைச் சுட்டும் நகைச்சுவை எழுதுவது பார்ப்பதைவிடக் கடினம். அது சரியாக இருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே தவறாக இருக்க வேண்டும். கவனக்குறைவால் தவறாக இருந்தால் அது நகைச்சுவை அல்ல, வெறும் பிழை. கணினி நடுவில் வந்ததும் இந்த மூன்றாவது வகை தானாகப் பெருகும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைத் தடுப்பது பற்றித்தான்.

முதலில் சீட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் உள்ள சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் மடித்த பிஸ்கட் ஒன்று தருவார்கள். உடைத்தால் உள்ளே ஒரு காகிதத் துண்டு, அதில் ஒரு வாசகம், பெரும்பாலும் கூடவே சில அதிர்ஷ்ட எண்கள். அதற்குப் பெயர் ஃபார்ச்சூன் குக்கி. பெயருக்குத்தான் சீனம், இதன் வேர் ஜப்பானின் கியோட்டோ பக்கம், வளர்ந்தது கலிபோர்னியாவில். நம்மூர் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் காசு போட்டால் வந்த அட்டையின் பின்புறம் ஒரு பலன் அச்சிட்டிருக்குமே, ஏறக்குறைய அதே வேலை.

அந்தக் காகிதத் துண்டு உங்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் அதே வாசகம் ஆயிரக்கணக்கில் அச்சாகிறது. 2005 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் இரண்டாம் பரிசு 110 பேருக்கு விழுந்தது. எதிர்பார்த்ததோ நான்கைந்து பேர். மோசடியோ என்று சந்தேகித்து விசாரித்தபோது, பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் பிஸ்கட்டில் வந்த ஒரே எண் வரிசையைப் போட்டிருந்தது தெரிந்தது. ஐந்து எண்கள் பொருந்தின, ஆறாவது மட்டும் தவறு. ஆக, "இது உங்களுக்கு மட்டுமேயான சீட்டு. மற்ற பத்தாயிரம் பேருக்கும் இதையே சொல்கிறோம்" என்று ஒரு சீட்டில் எழுதினால் அது வெறும் கிண்டல் இல்லை, நடப்பு. தன்னைச் சுட்டும் நகைச்சுவையின் மிகப் பழகிய வடிவமான "காப்பாற்றுங்கள்! பிஸ்கட் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டேன்!" என்ற வாசகமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. வாசகத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அதை நாம் மறந்துவிட்டோம்.

கணினிக்கு இந்தப் பழக்கம் வந்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வழியாக. 1979இல் வெளியான யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே 'ஃபார்ச்சூன்' என்ற குட்டி நிரல் இருந்தது. விளையாட்டுகளுக்கான கோப்புறையில் கிடக்கும். இன்று லினக்ஸ், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பரவலாக உள்ளது கென் ஆர்னால்ட் எழுதிய பிஎஸ்டி வடிவத்தின் வழித்தோன்றல். வேலை ஒன்றே: ஒரு கோப்பிலிருந்து ஏதோ ஒரு வாசகத்தைக் குலுக்கல் முறையில் எடுத்துத் திரையில் காட்டுவது. உள்நுழையும்போது ஓடும்படி வைத்துக்கொள்வார்கள். அதன் வாசகக் கோப்புகளில் பொன்மொழிகள், கணினிக்காரர்களின் கேலிகள், ஜோசியப் பலன்கள் எல்லாம் உண்டு. நடுவே தன்னைச் சுட்டும் வாசகங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். ஒன்று "முந்தைய சீட்டை மறந்துவிடவும்" என்கிறது. இன்னொன்று, இந்தச் சீட்டு நிரல் பழுதாகிவிட்டது, அவசரமென்றால் எழுத்துகளைக் கண்டபடி உமிழும் வேறொரு நிரலை ஓட்டுங்கள், இதுவரை இது சொன்னதைவிட ஆழமான ஒன்றை அது உடனே சொல்லிவிடும் என்று தன் மானத்தைத் தானே வாங்குகிறது. குக்கி தீர்ந்துவிட்டது என்று பிழைச் செய்தி வேடத்தில் வருவதும் உண்டு.

கடைசியாகச் சொன்ன வேடம் ஏன் எடுபடுகிறது? கறுப்புத் திரையில் உண்மையான பிழைச் செய்தியும் சீட்டு வாசகமும் ஒரே எழுத்துருவில், ஒரே இடத்தில், நிரலின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு ஒரே தோரணையில் வரும். அச்சான காகிதத்தில் இது நடக்காது. எனவே எழுத உட்காருமுன் வாசகம் எங்கே தோன்றும் என்று பாருங்கள். கைபேசிச் செயலியில் வண்ண அட்டையின்மேல் "ஃபார்ச்சூன்: கோப்பு கிடைக்கவில்லை" என்று வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். வேடம் ரொம்பக் கச்சிதமாக இருந்தாலும் ஆபத்துதான். கணினி உண்மையில் அச்சிடும் பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து வைத்தால், புதிதாக வந்தவர் நிர்வாகியைக் கூப்பிடுவார். ஓரிடத்திலாவது சாயம் வெளுக்க வேண்டும்: "ஃபார்ச்சூன்: செலவான மின்சாரத்துக்குத் தகுந்த ஞானம் கிடைக்கவில்லை. நிறுத்தப்படுகிறது."

இனி செய்முறை. சாதாரண உரைக்கோப்பு ஒன்றைத் திறந்து வாசகங்களை எழுதுங்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் நடுவே தனி வரியில் % குறி மட்டும் இருக்க வேண்டும்:

இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன
%
நீங்கள் இந்தச் சீட்டைப் படிப்பீர்கள்.
%
பொதுவான பலன். உங்கள் பெயரை நீங்களே சேர்த்துக்கொள்ளவும்.

பிறகு 'ஸ்டர்ஃபைல்' என்ற துணை நிரலை அந்தக் கோப்பின்மேல் ஓட்டினால், எந்த வாசகம் எத்தனையாவது பைட்டில் (கணினி உரையைச் சேமிக்கும் சிறு அலகு) தொடங்குகிறது என்ற அட்டவணை, அதே பெயரோடு 'டேட்' என்ற பின்னொட்டு சேர்ந்த கோப்பாக உருவாகும். எத்தனை வாசகங்கள் கிடைத்தன, மிக நீண்டது எத்தனை பைட், மிகச் சிறியது எத்தனை பைட் என்றும் அது சொல்லும். அந்த எண்ணிக்கையைப் படிக்காமல் விடாதீர்கள். நூறு வாசகம் எழுதியிருக்க, அது ஒன்றே ஒன்று என்றால் கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்றைச் சேர்க்கும். % குறியை அடுத்து உடனே வரி முடிய வேண்டும் என்பது ஸ்டர்ஃபைலின் விதி. நடுவில் எது வந்தாலும் அதைப் பிரிப்பானாக ஏற்காது. % குறிக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதி, அங்கே இரண்டு வாசகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழக்கமான தவறு, உரைக்கோப்பைத் திருத்திவிட்டு ஸ்டர்ஃபைலை மறுபடி ஓட்டாமல் விடுவது. அட்டவணையில் பழைய பைட் எண்களே இருக்கும். நிரல் நம்பிக்கையோடு ஒரு வாசகத்தின் நட்டநடுவிலிருந்து படிக்கத் தொடங்கும். தமிழில் விளைவு இன்னும் மோசம். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் (வழக்கமான யூடிஎஃப்-8 வடிவில்) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால், குறியின் நடு பைட்டில் விழுந்தால் வாசகம் கேள்விக்குறிச் சதுரத்தோடு தொடங்கும்.

மூன்று பைட் கணக்கு வேறொரு இடத்திலும் இடிக்கும். சிறிய சீட்டு மட்டும் வேண்டும் என்று ஃபார்ச்சூனிடம் கேட்கலாம். சிறியது என்பதன் எல்லை, மாற்றாவிட்டால் 160. ஆங்கிலத்தில் 160 எழுத்து என்பது தாராளமான இரண்டு வரி. ஆனால் நிரல் எண்ணுவது பைட்டை. தமிழுக்கு அது சுமார் 53 யூனிகோட் குறிதான். நம் ஐந்து சொல் வாசகம் முற்றுப்புள்ளி இல்லாமலே 34 தமிழ்க் குறியும் 4 இடைவெளியும் சேர்த்து 106 பைட் பிடிக்கிறது. தமிழ்க் கோப்புக்கு எல்லையை 400 பக்கம் உயர்த்திக்கொள்வது நல்லது.

உள்நுழையும்போது தானாக ஓடும் கட்டளைக் கோப்பில் ஃபார்ச்சூனைச் சேர்க்கும்போது, ஆள் உட்கார்ந்து தட்டும் அமர்வுக்கு மட்டும் ஓடும்படி நிபந்தனை வையுங்கள். வைக்காவிட்டால் வேறு கணினியிலிருந்து எஸ்எஃப்டிபி என்ற பரிமாற்ற முறை வழியாகக் கோப்பு நகர்த்தும்போது, பரிமாற்றத் தரவுக்கு முன்னால் சீட்டு வாசகம் போய் நிற்கும். வாசகத்தின் முதல் நான்கு பைட்டை வரப்போகும் செய்தியின் நீளம் என்று நினைத்து, செய்தி மிக நீளம் என்று ஒரு பிரம்மாண்ட எண்ணோடு மறுமுனை கைவிரிக்கும். வாசகம் "இந்த" என்று தொடங்கினால் அந்த எண் 3769534432. இ என்ற எழுத்தின் மூன்று பைட்டும், அடுத்த தமிழ் எழுத்தின் முதல் பைட்டும் சேர்ந்து எண்ணாகப் படிக்கப்பட்டதுதான் அது. பிழைச் செய்தியில் இந்த எண்ணைப் பார்த்தால் குற்றவாளி இ-யில் தொடங்கும் சீட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எத்தனை வாசகம் வைக்கலாம்? தன்னைச் சுட்டும் நகைச்சுவை உப்பு மாதிரி. 500 வாசகத்தில் 10 இருந்தால் சராசரியாக ஐம்பது சீட்டுக்கு ஒன்று வரும். தினம் ஒரு சீட்டு பார்ப்பவருக்கு அது போதுமான இடைவெளி. மற்ற 490ம் நேரான பலன்களாக இருப்பதால்தான் அந்த 10 தடுக்கிவிடுகின்றன. எல்லாமே தன்னைப் பற்றிப் பேசினால், பத்தாவது சீட்டில் வாசகர் கொட்டாவி விடுவார். தன்னைச் சுட்டும் வாசகங்களைத் தனிக் கோப்பில் வைத்தால் விகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கோப்புப் பெயருக்கு முன் 95%, 5% என்று எழுதினால் ஃபார்ச்சூன் அதை மதிக்கும். விகிதம் எதுவும் சொல்லாவிட்டால், கோப்பில் உள்ள வாசக எண்ணிக்கைக்கு ஏற்ப வாய்ப்பு அமையும். எல்லாக் கோப்புக்கும் சம வாய்ப்பு என்ற விருப்பத்தேர்வும் உண்டு, ஆசைப்பட்டு அதைத் தொட வேண்டாம். 494 வாசகம் ஒரு கோப்பிலும் 6 வாசகம் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டு சீட்டுக்கு ஒன்று அந்த ஆறிலிருந்தே வரும். தினம் ஒரு சீட்டு என்றால் ஆறில் ஒவ்வொன்றும் சராசரியாக 12 நாளுக்கு ஒருமுறை முகம் காட்டும்.

குலுக்கல் என்றாலே வந்ததே திரும்ப வரும். 500 வாசகத்திலிருந்து எடுத்தால், 27ஆவது சீட்டுக்குள் ஏதாவது ஒன்று இரண்டாம் முறை வந்திருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு. சாதாரணப் பலன் திரும்ப வந்தால் யாருக்கும் நினைவிருக்காது. தன்னைச் சுட்டும் கேலி திரும்ப வந்தால் சட்டென்று தெரிந்துவிடும், ஏனென்றால் அது ஒருமுறைதான் வாசகரை ஏமாற்ற முடியும்.

இங்கேதான் நினைவு என்ற விஷயம் வருகிறது. பரவலாகக் கிடைக்கும் ஃபார்ச்சூன் முன்பு எதைக் காட்டியது என்று நினைவில் வைப்பதில்லை. அதனால் "முந்தைய சீட்டை மறந்துவிடவும்" என்பது எப்போது வந்தாலும் பொருந்தும்படி எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். முதன்முறை பார்ப்பவருக்கு மட்டும் அது அந்தரத்தில் நிற்கும், அதுகூட வேறு விதத்தில் சிரிப்புதான். ஆனால் "அடுத்த சீட்டு பொய்" என்று ஒன்றும் "முந்தைய சீட்டு உண்மை" என்று ஒன்றும் எழுதி, இரண்டும் அடுத்தடுத்து வந்து முரண்வட்டம் போடும் என்று எதிர்பார்த்தால் வராது. 500 வாசகத்தில் குறிப்பிட்ட இரண்டு வரிசையாக வர இரண்டரை லட்சத்தில் ஒரு வாய்ப்பு. முரண்வட்டம் வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே வாசகமாக எழுதிவிடுங்கள்.

உண்மையிலேயே நினைவு தேவைப்படும் வாசகமும் உண்டு: "இது இந்தக் கணினி உங்களுக்குக் காட்டும் 143ஆவது சீட்டு. முந்தைய 142ம் பலித்திருந்தால் நீங்கள் இந்நேரம் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்." இதற்கு ஃபார்ச்சூனை உள்ளே வைத்து ஓட்டும் ஒரு சின்ன உறைநிரல் எழுதி, எண்ணிக்கையை ஒரு கோப்பில் சேமித்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்ட வேண்டும். இரண்டு சாளரம் ஒரே நொடியில் திறந்தால் இரண்டும் 142 என்று படித்துவிட்டு இரண்டும் 143 என்று அறிவிக்கும். படித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை கோப்பைப் பூட்டி வைப்பதுதான் பரிகாரம்.

எந்த நினைவும் இல்லாமல் எப்போதும் பலிக்கும் பலன் வேண்டுமா? மேலே இரண்டாவதாக எழுதியது அதுதான்: "நீங்கள் இந்தச் சீட்டைப் படிப்பீர்கள்." படிக்காதவரிடம் அது பொய்யாகாது, படித்தவரிடம் தப்பாது.

இனி, கணினி வெறுமனே எடுத்துக் காட்டாமல் தானே எழுதும் வகைக்கு வருவோம். ஒரு வார்ப்பு வைத்துக்கொள்வோம்: "இந்தச் சீட்டில் ___ எழுத்துகள் உள்ளன." கோடிட்ட இடத்தில் சரியான எண்ணைச் சொல்லாக எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணை எழுதியதுமே எழுத்து எண்ணிக்கை மாறிவிடும்.

கையால் போட்டுப் பார்க்கலாம். உயிர்மெய்யை ஒன்றாகவும் மெய்யை ஒன்றாகவும் எண்ணினால், இந்தச் 4, சீட்டில் 4, எழுத்துகள் 6, உள்ளன 4. எண் இல்லாமல் 18. முதல் ஊகமாக இருபது என்று போடுவோம். இ, ரு, ப, து: நான்கு எழுத்து. மொத்தம் 22. சரி, இருபத்திரண்டு என்று மாற்றினால் அது எட்டு எழுத்து, மொத்தம் 26. இருபத்தாறு என்றால் ஆறெழுத்து, மொத்தம் 24. இருபத்து நான்கு என்றால் எட்டெழுத்து, மறுபடி 26. செக்குமாடு மாதிரி இங்கேயே சுற்றும்: 26, 24, 26, 24. எண்ணு, மாற்று, மறுபடி எண்ணு என்று மட்டும் நிரல் எழுதியிருந்தால் அது நிற்கவே நிற்காது.

தீர்வே இல்லையா? இருக்கிறது, 26க்கும் 24க்கும் நடுவிலேயே. இருபத்தைந்து: இ, ரு, ப, த், தை, ந், து. ஏழு எழுத்து, 18 கூட்டினால் 25. "இந்தச் சீட்டில் இருபத்தைந்து எழுத்துகள் உள்ளன." எண்ணிப் பாருங்கள், தப்பாது. இருபது என்ற தொடக்கத்திலிருந்து போனதால் நிரல் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. இருபத்தொன்றிலிருந்து தொடங்கியிருந்தால் அடுத்த அடியிலேயே 25 கிடைத்திருக்கும். எனவே ஊகித்து நகராமல், 1 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணையும் பொருத்திச் சரிபார்ப்பதே சரியான முறை. நூறு முயற்சி கணினிக்கு ஒரு பொருட்டில்லை.

இப்போது 'எழுத்துகள்' என்பதை 'எழுத்துக்கள்' என்று மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு க் கூடுகிறது, அடிப்படை 19. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தாது. 25 போட்டால் 26, 26 போட்டால் 25. ஒற்று மிகுமா மிகாதா என்ற பழைய சண்டைக்கு இப்படியும் ஒரு விளைவு உண்டு. நீங்கள் எழுத்துக்கள் கட்சி என்றால் வருந்த வேண்டாம், 'உள்ளன' என்பதற்குப் பதில் 'உண்டு' என்று முடியுங்கள். நான்கெழுத்து மூன்றாகி மொத்தம் மறுபடி 25 ஆகிவிடும். தீர்வில்லாத வார்ப்புக்குப் பரிகாரம் எப்போதும் இதுதான்: எண்ணை விட்டுவிட்டுச் சொல்லை மாற்றுவது.

நிரல் எழுதுகிறவர் தடுக்கி விழும் இடம் எண்ணும் முறை. பெரும்பாலான நிரல்மொழிகளில் நீளம் கேட்டால் யூனிகோட் குறிகளின் எண்ணிக்கையோ பைட்டோதான் கிடைக்கும். மேற்கண்ட 25 எழுத்து வாசகத்தில் முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் விட்டால் 41 குறிகள் உள்ளன. நான்கு இடைவெளியையும் சேர்த்து 127 பைட். காரணம், புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் தனித்தனி. கி என்பது க-வும் ி-யும், க் என்பது க-வும் புள்ளியும். அவற்றை விலக்கிவிட்டு எண்ணினால் போதும். யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் வகை ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கும், ஒட்டுக்குறி வகையில் வருபவற்றைக் கழித்துவிடுங்கள். நம் வாசகத்தில் அப்படி 16 உள்ளன, 41இல் 16 போனால் 25.

மொழிபெயர்ப்பும் இதே குழியில் விழும். ஆங்கிலக் கோப்பில் ஒரு புகழ்பெற்ற வாசகம், ஆறு சொல் குறைந்திருந்தால் இந்தச் சீட்டு ஏழு சொல் நீளம் இருக்கும் என்கிறது. மூலத்தில் 13 சொற்கள், கணக்கு சரி. அப்படியே தமிழாக்கினால் ஒன்பது சொல்தான் வருகிறது, கணக்கு உதைக்கிறது. "ஆறு சொல் குறைந்திருந்தால் இந்தச் சீட்டு மூன்று சொல் நீளம் இருக்கும்" என்று எண்ணை மாற்றினால்தான் தமிழில் அது உயிரோடு இருக்கும்.

வார்ப்பில் எண்ணுக்குப் பதில் பெயர்ச்சொல்லைச் செருகும்போது சந்தி முட்டும். "இந்தச் சீட்டு" என்று வார்ப்பில் எழுதிவிட்டு, சீட்டு இருந்த இடத்தில் நிரல் என்று போட்டால் "இந்தச் நிரல்" என்று வரும். பிஸ்கட் போட்டால் "இந்தச் பிஸ்கட்". வரும் சொல்லின் முதல் எழுத்து க, ச, த, ப வரிசையில் இருந்தால் அதற்குரிய ஒற்று, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நான்கு வரி நிபந்தனை எழுதியாக வேண்டும். ஒற்றைச் சேர்த்த பிறகே எழுத்தை எண்ண வேண்டும், முன்பு எண்ணினால் கணக்கு ஒன்று குறையும்.

மார்க்கோவ் சங்கிலி கொண்டு செய்வதும் உண்டு. பழைய வாசகங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தது என்று பார்த்து, அதே போக்கில் புதிதாகக் கோப்பது. சாதாரணப் பலனுக்கு இது பரவாயில்லை. தன்னைச் சுட்டும் வாசகத்துக்கு ஆகாது. "இந்த வாக்கியத்தில் ஐந்து" என்று தொடங்கி "நல்ல செய்திகள் விரைவில் வந்து சேரும்" என்று வேறெங்கோ போய் முடியும். தன் நீளம் தனக்குத் தெரியாத முறை அது.

கேட்டதைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான பெரிய மொழி மாதிரிகளிடம் கேட்டால் இலக்கணச் சுத்தமாக எழுதும், எண்ணிக்கையில் வழுக்கும். அவை உரையை எழுத்தெழுத்தாகக் கையாள்வதில்லை. டோக்கன் என்ற துணுக்குகளாகத்தான் பார்க்கின்றன. ஒரு தமிழ்ச் சொல் பல துணுக்காக உடைந்திருக்கும். எனவே எழுதும் வேலையை மாதிரிக்கும் எண்ணும் வேலையைச் சாதாரண நிரலுக்கும் பிரித்துக் கொடுங்கள். ஐம்பது வாசகம் எழுதச் சொல்லி, "இத்தனை சொல், இத்தனை எழுத்து" என்று தன்னைப் பற்றிச் சொல்பவற்றை நிரலால் சரிபார்த்து, பொருந்தாதவற்றைத் தூக்கிவிடுங்கள். மிஞ்சியதைக் கண்ணால் ஒருமுறை படிப்பது அவசியம். விட்டால் "நான் வெறும் இயந்திரம், எனக்கு எதிர்காலம் தெரியாது" என்ற ஒரே கேலி பத்து விதமான உடையில் வந்து நிற்கும்.

பழைய ஃபார்ச்சூன் கோப்பை மாதிரிக்கு எடுத்துக்காட்டாகக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "முந்தைய சீட்டை மறந்துவிடவும்" என்ற வாசகம் பல்லாண்டுகளாக அந்தக் கோப்பில் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது. இன்று அதே தொனியில் உள்ள வரியை மொழி மாதிரி வாசிக்கும் உரைக்குள் நுழைத்து, அதற்குக் கொடுத்த கட்டளையை மறக்கடிப்பது ஒரு தாக்குதல் முறை. ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று 2022இல் பெயரும் வைத்துவிட்டார்கள். உங்கள் எடுத்துக்காட்டுகளுக்கு நடுவே இந்த வாசகம் இருந்தால், மாதிரி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் எண் போட்டு, மேற்கோள் குறிக்குள் அடைத்து, இவை தரவு மட்டுமே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாய்ப்பு குறையும், ஆனாலும் முழுக்கப் போய்விடாது. அதனால் அந்த ஒரு வாசகத்தை மட்டும் எடுத்துக்காட்டிலிருந்து உருவிவிட்டு, கடைசிக் கோப்பில் கையால் சேர்ப்பதே எளிது.